செங்கல்லா... செங்கழுநீரா?

(மூன்றாம் ஆண்டு, சிவில்)



தலைப்பைப் பார்த்ததும் ஏதோ பட்டிமன்றம் என்று பயந்து பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். கவிதையும் இல்லை. காதல், நிலா, கண்ணீர் எல்லாவற்றையும் நம் மெக்கானிக்கல் நண்பர்கள் இதே மலரில் நன்றாகவே கவனித்துக்கொள்வார்கள். நான் எழுத வந்தது வீட்டுத் தோட்டத்துப் பூவைப் பற்றி. மாசி, பங்குனியில் நம் வீட்டு வாசலிலும் கொல்லையிலும் யாரும் கூப்பிடாமலே வந்து பூக்கிறதே, அந்தப் பூவைப் பற்றி.

"இதுல எழுதறதுக்கு இன்னாடா இருக்குது?" என்று என் பெஞ்ச் நண்பனே கேட்டான். வருடா வருடம் 'ஆண்டு மலர்' என்று பேர் வைத்துப் புத்தகம் போடுகிறோம். உள்ளே மலரைப் பற்றி ஒருத்தரும் எழுதுவதில்லை! அந்தக் குறை தீரட்டும் என்றுதான் முதலில் நினைத்தேன். எழுத உட்கார்ந்த பிறகுதான் இது வெறும் பூ விஷயம் இல்லை, நம் தொழில் விஷயம், கொஞ்சம் மனசாட்சி விஷயம் என்று புரிந்தது.

நம் ஊர் பேரையே எடுத்துக்கொள்ளுங்கள். செங்கழுநீர்ப் பூ நிறைந்த இடம், செங்கழுநீர்ப்பட்டு. அதுதான் பேச்சில் தேய்ந்து செங்கல்பட்டு ஆனது என்பார்கள் பெரியவர்கள். இன்று வெளியூர்க்காரரிடம் ஊர் பேரைச் சொன்னால் செங்கல்தான் ஞாபகம் வருகிறது. சிவில் படிக்கிற நமக்கோ கேட்கவே வேண்டாம். பூவின் பேரில் பிறந்த ஊர், செங்கல்லின் பேரில் வாழ்கிறது. பேரில் நடந்த இந்த மாற்றம், இப்போது ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நடந்துகொண்டிருக்கிறது என்பதுதான் என் கட்சி.

ஜன்னலோர சீட்

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தால், மாசி மாதத்தில் ஒரு நாள் செல்போனைப் பையில் போட்டுவிட்டு வெளியே பாருங்கள். வயலைச் சொல்லவில்லை, வீடுகளைப் பாருங்கள். ஓட்டு வீட்டுக் கொல்லையில் மாமரம் இலை தெரியாமல் பூத்து நிற்கும். முருங்கை வெள்ளையாய்ப் பொரிந்திருக்கும். வேலியோரம் கல்யாண முருங்கை இருந்தால், ஒரு இலைகூட இல்லாமல் கிளை நுனியெல்லாம் செக்கச்செவேல் என்று பற்றி எரிகிற மாதிரி இருக்கும். அதில் மைனாவும் தேன்சிட்டும் போடுகிற சண்டை பஸ் சத்தத்தை மீறிக் கேட்கும்.

சின்ன வயசில் வசந்தம் என்றால் என்ன என்று நமக்கு எப்படிச் சொல்லிக் கொடுத்தார்கள்? பனி உருகுமாம், ஏரிக்கரையில் டாஃபடில் மஞ்சளாய்ப் பூக்குமாம். டாஃபடிலை நம்மில் யார் பார்த்தோம்? ஆனால் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கினோம். நம் பெரியவர்கள் வருஷத்தை ஆறு பொழுதாகப் பிரித்து, மாசி பங்குனியைப் பின்பனி என்றும், சித்திரை வைகாசியை இளவேனில் என்றும் வைத்தார்கள். நம் ஊர் மரங்கள் இளவேனில் வரட்டும் என்று காத்திருப்பதில்லை. பின்பனியிலேயே வேலையை ஆரம்பித்துவிடுகின்றன. நம் வசந்தத்துக்கு முதல் மணி அடிப்பது கொல்லைப்புறம்தான்.

வரிசையைக் கேளுங்கள். தையிலேயே மாம்பூ. ராத்திரிக் குளிர்தான் மாமரத்தைப் பூக்கத் தூண்டுகிறது. ஒரு கொத்தில் நூற்றுக்கணக்கில் பூ இருக்கும். அதில் பெரும்பாலானவை ஆண்பூ. காயாக நிலைப்பது நூற்றுக்கு ஒன்றுகூட தேறாது. (செமஸ்டர் ரிசல்ட் பார்த்து வருத்தப்படுகிறவர்கள் மாமரத்தை நினைத்துக்கொள்ளவும்!) அடுத்து மாசியில் முருங்கை, கல்யாண முருங்கை. மாசிக் கடைசியில் குண்டுமல்லி முதல் மொட்டு. பங்குனியில் முல்லை, நுணா. பங்குனி முடிந்து சித்திரை பிறக்கும்போது வேம்பு, கூடவே புங்கம். தமிழ் வருஷப் பிறப்பு அன்று பச்சடியில் போட வேப்பம்பூவை யாரும் ஆர்டர் கொடுத்து வரவழைத்ததில்லை. மரத்தடியில் பழைய புடவையை விரித்துப்போட்டால் காலையில் தானாக உதிர்ந்து கிடக்கும். நிழலில் காயவைத்து டப்பாவில் போட்டால் வருஷம் பூரா ரசத்துக்கு ஆச்சு.

வெயில் ஏறுகிற நேரத்தில், தண்ணி குறைகிற நேரத்தில், இந்த மரங்களுக்கு ஏன் இந்த அவசரம்? காரணம் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் பெய்த வடகிழக்குப் பருவமழை ஈரம் அடிமண்ணில் இன்னும் இருக்கிறது. மழை இல்லாததால் மகரந்தம் நனைந்து வீணாகாது. இலை உதிர்ந்து நிற்கிற மரத்தில் பூ பளிச்சென்று தெரியும். தேனீக்கும் குருவிக்கும் தேடுகிற வேலை மிச்சம். எல்லாவற்றுக்கும் மேலே, இப்போது பூத்தால்தான் ஆனி, ஆடியில் வேப்பம்பழம் பழுக்கும், அடுத்து வருகிற மழையில் விதை முளைக்கும். வேப்ப விதை சில வாரங்களிலேயே முளைப்புத் திறனை இழந்துவிடும். அதைப் பத்திரப்படுத்தி வைத்து அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்கிற பேச்சே கிடையாது. நாம் பெர்ட் சார்ட் போட்டுப் படிக்கிறோமே, எந்த வேலைக்கு முன்னால் எந்த வேலை முடிய வேண்டும் என்று! அதை ஒரு வேப்பமரம் டிப்ளமோ வாங்காமலே செய்துகொண்டிருக்கிறது.

டிராஃப்டர் செய்த வேலை

இப்போது என் சொந்தக் கதை. பெருமைக்குச் சொல்லவில்லை, குற்றத்தை ஒப்புக்கொள்ளச் சொல்கிறேன்.

எங்களுடையது ஐந்து சென்ட் மனை. ஓட்டு வீடு, பின்னால் சுமார் அறுநூறு சதுர அடி கொல்லை. ஒரு மாமரம், ஒரு முருங்கை, கிணற்றோரம் பன்னிரண்டு முல்லைக் கொடி. முல்லை எங்க ஆயாவுடையது. விடிய இருட்டிலேயே மொட்டு பறித்து, வாழைநாரில் சரம் தொடுத்து, பஸ் ஸ்டாப் பக்கத்தில் முழம் போட்டு விற்கும். சாதாரண நாளில் நூறு ரூபாய், முகூர்த்த நாளில் முந்நூறு. பெரிய காசு இல்லைதான். ஆனால் அது ஆயாவுடைய காசு. யாரையும் கேட்க வேண்டியதில்லை, யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை. முந்தானையில் முடிந்து வைத்திருக்கும்.

நான் முதல் வருஷம் சேர்ந்தபோது டிராயிங் போர்டும் மினி டிராஃப்டரும் வாங்க வேண்டும் என்றார்கள். அப்பா மேஸ்திரி வேலை. அந்த மாசம் மழை, வேலை இல்லை. ஆயா முந்தானையை அவிழ்த்தது. "இந்தாடா, முல்லப் பூ உனக்குக் குடுக்குது. நல்லா கோடு போடு" என்றது.

நல்லாத்தான் கோடு போட்டேன்!

இரண்டாம் வருஷம் படிக்கும்போது பழைய வீட்டை இடித்துக் கட்டலாம் என்று அப்பா முடிவு செய்தார். "நீயே பிளான் போடுடா, வெளியில எதுக்குப் பணம் குடுக்கணும்?" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. சிட் அவுட், ஹால், இரண்டு பெட்ரூம், அட்டாச்டு பாத்ரூம், போர்டிகோ, பின்னால் வேலை செய்ய சிமெண்ட் தளம் எல்லாம் வைத்து, டைமன்ஷன் போட்டு, டைட்டில் பிளாக்கில் என் பேரும் எழுதினேன். மாமரம் இருந்த இடத்தில் செப்டிக் டேங்க். கொல்லை முழுக்க தளம். ஷீட்டை விரித்துக் காட்டினேன். அப்பா முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். ஆயா மட்டும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டது:

"எல்லாம் கீதுடா. பூ எங்க?"

"மாடியில தொட்டி வெச்சிக்கலாம் ஆயா" என்று சொல்லிவிட்டு ஷீட்டைச் சுருட்டிவிட்டேன்.

வீடு எழும்பியது. கிரகப்பிரவேசத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் பிளானைப் பாராட்டினார்கள். மாசி வந்தது. மாம்பூ வாசனை இல்லை. கொல்லைத் தளத்தில் மத்தியானம் கால் வைக்க முடியவில்லை. பங்குனியில் ஒரு வெள்ளிக்கிழமை காலேஜ் விட்டு வரும்போது பஸ் ஸ்டாப்பில் ஆயாவைப் பார்த்தேன். தான் உட்கார்ந்து விற்ற அதே இடத்தில், வேறொரு அம்மாவிடம் ஒரு முழம் முல்லை பேரம் பேசிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் சிரித்தது. "விக்கிறவ வாங்கறவளா ஆயிட்டேன்டா" என்றது. கோபமாகச் சொல்லியிருந்தால்கூட எனக்குப் பரவாயில்லை.

முல்லைப் பூ வாங்கிக் கொடுத்த டிராஃப்டர் முல்லைக் கொடியின் மேலேயே கோடு போட்டுவிட்டது. அதைப் பிடித்திருந்த கை என் கை.

இரு கட்சியும் பேசட்டும்

இதை நண்பர்களிடம் சொன்னபோது நிறைய மறுப்பு வந்தது. எதையும் தள்ளிவிட முடியாது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

'மரம் வைத்தால் அஸ்திவாரம் கெட்டுவிடும்' என்றான் ஒருவன். பாதி உண்மை. அரசும் ஆலும் சுவர் வெடிப்பில் முளைத்தால் உடனே பிடுங்கத்தான் வேண்டும். களிமண் பூமியில் பெரிய மரம் சுவரை ஒட்டி இருந்தால் ஈரத்தை உறிஞ்சி மண் சுருங்கும், சுவர் விரிசல் விடும். சாயில் மெக்கானிக்ஸில் படித்ததுதான். ஆகவே வேம்பையும் மாவையும் மனையின் மூலைக்குத் தள்ளி வை. முல்லை, மல்லி, செம்பருத்தி, நந்தியாவட்டைக்கு அஸ்திவாரத்தை அசைக்கிற வேர் எங்கே இருக்கிறது?

'புயலடித்தால் மரம் வீட்டின் மேல் விழும்' என்றான் இன்னொருவன். 2016 டிசம்பரில் வர்தா, 2022 டிசம்பரில் மாமல்லபுரம் பக்கத்திலேயே கரை கடந்த மாண்டஸ் இரண்டையும் பார்த்த நாம் இந்தப் பயத்தைக் கேலி செய்யக்கூடாது. ஆனால் விழுந்த மரங்களின் வேரைப் பார்த்தீர்களா? அடிமரம்வரை சிமெண்ட் போட்டு, குழாய்க்கும் கேபிளுக்கும் ஒரு பக்க வேரை வெட்டிவிட்டால் மரம் எதைப் பிடித்து நிற்கும்? மழைக்கு முன்னால் கிளையைக் கழிப்பது, அடியில் மண் விடுவது, முறிகிற சுபாவமுள்ள முருங்கையைக் கூரையிலிருந்து தள்ளி வைப்பது... இதெல்லாம் மேஸ்திரிக்கும் தெரியும், நமக்கும் தெரியும்.

'பாம்பு வரும், கொசு வரும்' என்பது மூன்றாவது. குப்பை சேர்ந்தால் பாம்பு வரும், தேங்கிய தண்ணியில் கொசு வரும். கூட்டிப் பெருக்கிய தோட்டத்தைவிட, சரிவு தப்பாகப் போட்ட சிமெண்ட் தளத்தில் தண்ணி அதிகம் தேங்கும் என்பதை எங்கள் வீட்டில் வந்து பார்க்கலாம். அந்தச் சரிவும் அடியேன் போட்டதுதான்!

'இடம் ஏது?' என்பது கடைசிக் கேள்வி. இதுதான் நியாயமான கேள்வி. 2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டமானது. 2022-இல் சென்னைப் பெருநகர எல்லை விரிந்தது. 2023 டிசம்பரில் கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறந்தது. 'சென்னைக்கு மிக அருகில்' என்ற போர்டு ஒவ்வொரு வருஷமும் இன்னும் கொஞ்சம் தெற்கே நகர்கிறது. அரை கிரவுண்டு வாங்கவே ஒரு குடும்பம் இருபது வருஷம் கடன் கட்டுகிறது. அவரிடம் போய் 'ஐயா, பாதியைத் தோட்டத்துக்கு விடுங்கள்' என்றால் அடிக்க வருவார். நான் பாதி கேட்கவில்லை. மூன்றடி கேட்கிறேன்.

அந்த மூன்றடி ஏற்கனவே இருக்கிறது நண்பர்களே! தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019 வீட்டைச் சுற்றி காலியிடம் விடச் சொல்கிறது. பிளானில் நாமும் 'செட்பேக்' என்று எழுதிவிடுகிறோம். அப்புறம் அதில் டைல்ஸ் ஒட்டிவிடுகிறோம். காலியிடம் என்றால் டைல்ஸ் என்று எந்த விதியில் எழுதியிருக்கிறது?

ஒரு சின்ன கணக்கு

பூவின் அழகைச் சொன்னால் சிரிப்பவர்களுக்காக ஒரு கணக்கு. நாம் படிக்கிற ராஷனல் மெத்தட்தான். பெய்கிற மழையில் எவ்வளவு வழிந்தோடும் என்பதற்கு ஒரு கெழு உண்டு. கான்கிரீட் தளத்துக்குச் சுமார் 0.9, தோட்ட மண்ணுக்குச் சுமார் 0.2 என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் கொல்லை 600 சதுர அடி, அதாவது சுமார் 56 சதுர மீட்டர். ஒரு நாளில் 100 மில்லிமீட்டர் மழை என்றால் அதன்மேல் விழுவது 5,600 லிட்டர். தோட்டமாக இருந்தபோது வெளியே ஓடியது சுமார் 1,100 லிட்டர். இப்போது ஓடுவது சுமார் 5,000 லிட்டர். நான் போட்ட ஒரு பிளானால் தெருவுக்குப் போகிற தண்ணி சுமார் நாலரை மடங்காகிவிட்டது. இது ஒரு வீடு. ஒரு நகர் முழுக்க இதே மாதிரி பிளான் என்றால்?

2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர், தாம்பரம் பக்கம் என்ன ஆனது என்று உங்கள் வீட்டிலேயே யாராவது சொல்வார்கள். அந்த வெள்ளத்துக்குக் கொல்லைத் தளம் மட்டும் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஏரி நிரம்பியது, ஆறு பெருகியது, வாய்க்கால் அடைந்தது, எல்லாம் சேர்ந்துதான். ஆனால் மழைத் தண்ணியை வீட்டுக்குள்ளேயே இறக்கு என்று 2003-இல் மழைநீர் சேகரிப்பைச் சட்டமாகவே கட்டாயமாக்கிய மாநிலம் நம்முடையது. ஒரு முல்லைப் பாத்தி என்பது செலவில்லாத மழைநீர் சேகரிப்புத் தொட்டி. மேலே பூ போனஸ்.

கடல் மல்லையில் ஒரு பூ

கல்லுக்குப் பேர் போன ஊர் மாமல்லபுரம். அங்கேயும் கதை பூவில்தான் ஆரம்பிக்கிறது. முதலாழ்வார் மூவரில் ஒருவரான பூதத்தாழ்வார் இந்தக் கடல்மல்லையில் குருக்கத்திப் பூவில் தோன்றியதாக வைணவ மரபு சொல்கிறது. குருக்கத்தி எப்போது பூக்கும் தெரியுமா? இதே மாசி, பங்குனி ஒட்டித்தான். ஓரம் கிழிந்த மாதிரி வெள்ளை இதழ், அதில் ஒரே ஒரு இதழில் மட்டும் மஞ்சள் தீற்று. காய்க்கு மூன்று இறக்கை, காற்றில் சுற்றிக்கொண்டே இறங்கும் (மெக்கானிக்கல் நண்பர்கள் கவனிக்கவும்). மாதவிக் கொடி என்பதும் இதையேதான். மாமல்லபுரத்திலேயே பத்து வீட்டு வாசலில் தேடிப் பாருங்கள், ஒரு குருக்கத்தியாவது இருக்கிறதா என்று எனக்கு வந்து சொல்லுங்கள்.

தலசயனப் பெருமாள் கோயில் தலபுராணமும் பூக்கதைதான். புண்டரீக முனிவர் தாமரைப் பூவைப் பாற்கடலில் இருக்கிற பெருமாளிடம் சேர்க்க நினைத்து, வழி வேண்டுமென்று கடல் தண்ணியைக் கையாலேயே இறைத்தாராம். பம்ப் இல்லை, காஃபர் டேம் இல்லை! நம்புகிறவர்கள் நம்பட்டும், நம்பாதவர்கள் விடட்டும். ஒரு பூவுக்காகக் கடலை இறைக்கத் துணிந்த ஆளைப் பற்றிக் கதை சொன்ன ஊரில், ஒரு பூச்செடிக்காக மூன்றடி சிமெண்டை விட்டுக்கொடுக்க நமக்கு மனசு வரவில்லை என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

மாசி மகத்துக்கு மாமல்லபுரம் கடற்கரைக்குப் போயிருக்கிறீர்களா? பல ஊர்களிலிருந்து இருளர் மக்கள் வந்து, மணலில் தற்காலிகக் குடில் போட்டுத் தங்கி, கன்னியம்மனைக் கும்பிட்டு, நிச்சயதார்த்தமும் கல்யாணமும் அங்கேயே முடிப்பார்கள். செடி கொடி மருந்து தெரிந்தவர்கள் அவர்கள். அவர்களுடைய பெரிய கூடல், மரம் பூக்கிற மாசத்தில்தான் நடக்கிறது.

கடலோர நண்பர்கள் 'எங்க உப்புக் காத்துல எது வரும்?' என்று கேட்பார்கள். புன்னை வரும், பூவரசு வரும். இரண்டும் உப்புக் காற்றுக்குப் பழகியவை. பூவரசம்பூ காலையில் மஞ்சளாய் விரிந்து சாயந்தரம் சிவந்து விழும். மணல்மேட்டில் படர்கிற அடும்பு யாரும் தண்ணி ஊற்றாமலே ஊதாப் பூ பூத்து மணலைப் பிடித்து வைக்கும். அதைப் பிடுங்கிவிட்டு அலங்காரக் கல் பதிப்பவர்களைத்தான் எனக்குப் புரியவில்லை.

வீடும் செடியும் சேர்ந்து எப்படி இருந்தது என்று பார்க்க வேண்டுமானால் முட்டுக்காட்டில் 1996-இல் திறந்த தக்ஷிணசித்ராவுக்குப் போங்கள். பல ஊர்ப் பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி கட்டி வைத்திருக்கிறார்கள். முற்றம், திண்ணை, வாசல் எல்லாம் அளவெடுத்துப் பாருங்கள். அந்தக் காலத்துக் கொத்தனாருக்குக் காற்றும் வெளிச்சமும் செடியும் பிளானுக்கு உள்ளே இருந்தன.

தேதி எழுதி வைத்தவர்கள்

ஜப்பானில் கியோட்டோ நகரத்தில் செர்ரி மரம் என்றைக்கு முழுசாகப் பூத்தது என்பதற்கு ஆயிரத்து இருநூறு வருஷக் குறிப்பு இருக்கிறது. அரசவைக் குறிப்பு, துறவிகளின் நாட்குறிப்பு என்று தேடித் தொகுத்திருக்கிறார்கள். 2021-இல் மார்ச் 26-ஆம் தேதியே முழுசாகப் பூத்துவிட்டது. அந்த நீண்ட கணக்கில் அதற்கு முன்னால் அவ்வளவு சீக்கிரம் பூத்ததே இல்லை. பூமி சூடாகிறது என்பதற்கு இதையும் ஒரு சாட்சியாக விஞ்ஞானிகள் காட்டுகிறார்கள். யாரோ ஒருவர் எப்போதோ 'இன்று பூத்தது' என்று ஒரு வரி எழுதி வைத்ததால்தான் இது தெரிந்தது.

நம் ஊர் வேம்பு முப்பது வருஷத்துக்கு முன்னால் என்றைக்குப் பூத்தது? எங்க ஆயாவைக் கேட்டால் 'உங்க அத்தை கல்யாணத்தப்போ நல்லா பூத்துக்கீது' என்று சொல்லும். அதுவும் ஒரு குறிப்புதான். ஆனால் எழுதி வைக்கவில்லை. இந்தியாவில் சீசன்வாட்ச் என்ற திட்டத்தில் பள்ளிப் பிள்ளைகளும் பொதுமக்களும் ஆளுக்கொரு மரத்தைப் பிடித்து, வாரம் ஒருமுறை இலை, பூ, காய் பார்த்துப் பதிவு செய்கிறார்கள். மா, வேம்பு, கொன்றை எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. சர்வே கேம்ப்பில் ஒரு மரத்தை வெறும் ஸ்டேஷன் பாயிண்டாகப் பார்த்த நமக்கு அது பெரிய வேலையா?

என்ன செய்யலாம்?

பெரிய தீர்மானம் எல்லாம் வேண்டாம். நாலே நாலு விஷயம்.

ஒன்று: இனிமேல் சைட் பிளான் போடும்போது மனையில் ஏற்கனவே இருக்கிற மரத்தை, கிணற்றை, செடிப் பாத்தியை முதலில் குறியுங்கள். அதற்குப் பிறகு சுவர்க் கோடு. காலி மனை என்று நினைத்து ஆரம்பிப்பதுதான் முதல் தப்பு.

இரண்டு: வீட்டில் தினம் யார் கொல்லையில் நிற்கிறார்களோ அவர்களிடம் பிளானைக் காட்டிக் கேளுங்கள். பெரும்பாலும் அது ஆயாவோ அம்மாவோதான். பணம் போடுகிறவரிடம் மட்டும் கையெழுத்து வாங்காதீர்கள்.

மூன்று: செட்பேக்கில் ஒரு பக்கமாவது மண் தெரியட்டும்.

நான்கு: நம் பேரவை விழாவுக்கு வருகிற சிறப்பு விருந்தினருக்கு பிளாஸ்டிக் சுற்றிய பொக்கே எதற்கு? ஒரு முல்லைப் பதியனோ வேப்பங்கன்றோ கொடுப்போம். நம் வொர்க்ஷாப் பின்னால் முள் மண்டிக் கிடக்கிற இடத்தில் துறைக்கு ஒரு மரம் வைப்போம். எந்தத் துறை மரம் முதலில் பூக்கிறது என்று போட்டியும் வைக்கலாம். எலக்ட்ரிக்கல்காரர்கள் தோற்பார்கள் என்று இப்போதே சொல்லிவைக்கிறேன்.

கடைசியாக ஒரு செய்தி. இந்தத் தை மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சுத்தியலும் உளியும் எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனேன். கிணற்றோரம் மூன்றடி அகலம், பத்தடி நீளம். நான் போட்ட தளத்தை நானே உடைத்தேன். அப்பா வாசலில் நின்று பார்த்தார். அவர் கையால் பூசி இழைத்த தளம். ஒன்றும் பேசவில்லை. சாயந்தரம் அவரே சைக்கிளில் இரண்டு சட்டி செம்மண் கொண்டுவந்து கொட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். பக்கத்து வீட்டு அத்தையிடம், பல வருஷத்துக்கு முன்னால் ஆயாவே கொடுத்த முல்லை பந்தல் ஏறி நிற்கிறது. அதிலிருந்து மூன்று பதியன் வாங்கி வந்து நட்டோம்.

இதை எழுதும்போது மாசி. இன்னும் பூக்கவில்லை. மூன்றில் ஒன்று பட்டுப்போய்விட்டது, இரண்டு துளிர் விட்டிருக்கிறது. ஆயா தினம் காலையில் போய்ப் பார்க்கிறது. "அவசரப்படாதடா, வேர் புடிக்கட்டும்" என்று எனக்கே புத்தி சொல்கிறது. மாமரம் திரும்பி வராது. அது எனக்குத் தெரியும், ஆயாவுக்கும் தெரியும்.

செங்கல்லா, செங்கழுநீரா என்று கேட்டால், இரண்டும் வேண்டும் என்பதுதான் என் தீர்ப்பு. செங்கல் இல்லாமல் நமக்குப் பிழைப்பு இல்லை. ஆனால் செங்கல் வைக்கிற கைதான் பூவுக்கு இடம் விடவும் வேண்டும். அந்தக் கை நம் கை.

அடுத்த ஷீட்டை போர்டில் ஒட்டும்போது, முதல் கோடு போடுவதற்கு முன்னால், எங்க ஆயா கேட்ட கேள்வியை ஒருமுறை உங்களையே கேட்டுப் பாருங்கள் நண்பர்களே:

'எல்லாம் இருக்கிறது. பூ எங்கே?'